நோஞ்சான்

பிள்ளை எப்படி இருக்கிறான் என்று யாராவது கேட்டால், உண்மையைச் சொல்லும் வழக்கம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கிடையாது. பிள்ளை கட்டிலைத் தள்ளிக்கொண்டு திரிந்தாலும், "எங்க… ஒண்ணுமே சாப்பிட மாட்டக்கான்" என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் நம்பமாட்டார். நம்பாமலேயே, "ஆமா, கொஞ்சம் வாடித்தான் போயிருக்கான்" என்று தலையாட்டிவிட்டுப் போவார். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளைக்குக் கண் படாது, கேட்டவருக்கும் மனசு ஆறும். எங்கள் பிள்ளையின் இடுப்பில் கிடந்த கயிறு மட்டும் அதை அப்படியே நம்பிவிட்டது.

கயிறு என்றால் பழைய கறுப்பு அரைஞாண் கயிறு இல்லை. வெயில் ஏறி ஏறி அரிசி பருப்பிலெல்லாம் சத்து செத்துப்போய், பிறக்கிற பிள்ளைகள் வளர்ச்சி தட்டி நின்ற பிறகு, அரசாங்கமே ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்த கையோடு கட்டிவிடுகிற கயிறு. நடுவில் மிளகு அளவுக்கு ஒரு மணி. அது பிள்ளையை அளக்கும். வேண்டிய வளர்ச்சி மருந்தைத் தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கும். மருந்து நிறைய இறங்கினால் மணி சிவப்பு, அளவாக இறங்கினால் மஞ்சள், இறங்காவிட்டால் பச்சை. கண்டுபிடித்தவன் வெளிநாட்டுக்காரன். அவன் முதலில் அதைக் கையிலும் காலிலும் கட்டிப் பார்த்தானாம். பிள்ளைகள் பிய்த்து எறிந்துவிட்டன. இடுப்பில் கட்டச் சொன்னது நம் ஊர் ஆள். அந்தப் பெருமையில் நாங்கள் வேறெதையும் விசாரிக்கவில்லை.

"இதுக்குக் காதும் உண்டும்மா" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அன்றைக்கே சொன்னாள். "வீட்டுல நீங்க பேசுறதக் கேட்டு, பிள்ளைக்கு என்ன குறைன்னு புரிஞ்சுக்கும்."

"அப்போ இவங்களவிட இது தேவலைதான்" என்று என்னைப் பார்த்தபடி சொன்னாள் என் மனைவி கோமதி. சொன்னதைக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது அவளுடைய நெடுநாள் புகார்.

என் பெயர் ஆவுடையப்பன். மாநகராட்சியில் கொசு ஒழிப்புப் பிரிவு. மனுஷன் செவ்வாயில் வீடு கட்டிக்கொண்டிருக்கிற காலத்தில் கொசு ஒழிப்புப் பிரிவா என்று கேட்கவேண்டாம். செவ்வாயிலும் ஒருநாள் தேவைப்படும்.

இந்தப் பிள்ளைக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். செண்பகம். தவழ ஆரம்பித்திருந்த சமயம், ஒரு கல்யாண வீட்டில் கோமதி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எம் பிள்ளையப் பாருங்க, என்ன லட்சணமா இருக்கா பாருங்க" என்று பந்தி பந்தியாகக் காட்டிக்கொண்டு திரிந்தாள். அந்த வாரமே காய்ச்சல் கண்டது. பிள்ளை தங்கவில்லை. டாக்டர் மூளைக்காய்ச்சல் என்றார். கோமதி, எல்லாம் என் வாயால் வந்தது என்றாள். அது எந்தக் கொசு, எந்தத் தண்ணீரில் முட்டையிடும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்ற சொல்லே வந்ததில்லை. மீன்குழம்பு பிரமாதமாக அமைந்த அன்றும், "ஏதோ திங்கலாம்" என்பாள். இவன் பிறந்ததும் குப்பை என்றோ பிச்சை என்றோதான் பெயர் வைக்க வேண்டும் என்று நின்றாள். முதல் பிள்ளை தங்காத வீடுகளில் அது பழைய வழக்கம்தான்; குப்பைக்கு யார் கண் வைக்கப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள் என்று சொல்லி, நான் நாறும்பூநாதன் என்று சாமி பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன். அந்தப் பெயரை அவள் ஒருநாளும் தொடவில்லை. அவளுக்கு அவன் நோஞ்சான்.

"நோஞ்சான் எந்திச்சிட்டானா?" "நோஞ்சானுக்குப் பால் காய்ச்சணும்." "ஏல நோஞ்சான், ஒண்ணுக்கும் ஆவாத பயலே, இங்கன வா." இதுதான் எங்கள் வீட்டுத் தாலாட்டு. சாயங்காலமானால் தென்காசியிலிருந்து அவளுடைய அக்கா சங்கரவடிவு போன் செய்வாள். அக்காவும் தங்கையும் போட்டி போட்டுக்கொண்டு அவரவர் பிள்ளைகளைப் பட்டினி போடுவார்கள். அக்காவின் பையன் அந்த வருஷம்தான் மாவட்ட மல்யுத்தத்தில் தங்கம் வாங்கியிருந்தான். "எலும்பும் தோலுமா கெடக்கான்ட்டி" என்பாள் அக்கா.

எங்கள் கீழ்வீட்டில் ஜெயசீலி டீச்சர். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர்; ஒரு காலத்தில் குண்டு எறிதலில் பதக்கம் வாங்கியவர். மைதானத்துக்குக் குறுக்கே கேட்கிற குரல். வீட்டுக்குள் வந்தாலும் அதைக் குறைக்கத் தெரியாது. மனதில் பட்டதை மறைக்கவும் தெரியாது. வாரத்துக்கு ஒருதரம் மேலே வந்து பிள்ளையைத் தூக்கி, எடை பார்ப்பதுபோல ஒரு குலுக்குக் குலுக்குவார்.

"கோமதி, இந்தத் தொடையைப் பாரு, என்ன திடம். பிள்ளை ஜம்முனு இருக்கான். வளர்ந்து குண்டு எறிவான் பாரு."

கோமதிக்கு முகம் செத்துவிடும். "எங்க டீச்சர்… விடிய விடிய இருமல். ஒரு வாய் இறங்கல."

"இருமுற பிள்ளை மூஞ்சியா இது?" என்று டீச்சர் அவனை இன்னொரு குலுக்குக் குலுக்குவார். அவன் கெக்கெக்கே என்று சிரித்து மானத்தை வாங்குவான்.

டீச்சர் படி இறங்குவதற்குள் கோமதி உப்பையும் மிளகாய் வற்றலையும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டுவிடுவாள். எங்கள் அடுக்குமாடியில் புகை வந்தால் கூரையில் ஒரு கருவி அலறும். நான் ஸ்டூலில் ஏறி நின்று அதை ஈரத்துண்டால் பொத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதுதான் இந்தச் சடங்கில் என் பங்கு.

"நெடி வருதா?" என்பாள். நெடி வராவிட்டால் அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

நான் தும்மிக்கொண்டே, "வருது" என்பேன்.

"அது உங்க மூக்கு. எனக்கு வரல."

ஒருநாள் டீச்சர் குடையை மறந்துவிட்டுப் போனவர், எடுக்கத் திரும்பி வந்தார். கதவு திறந்திருந்தது. ஸ்டூலின் மேல் நான், கையில் ஈரத்துண்டு. அடுப்பில் வற்றல். பிள்ளை தலையைச் சுற்றிப் பாதிவழியில் நிற்கும் கோமதியின் கை. டீச்சர் எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஓ. எனக்குத்தானா இது."

குடையை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் மேலே வரவில்லை. கோமதி பெருமூச்சு விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் ஸ்டூல் ஏறுகிற வேலை மிச்சம் என்று இருந்துவிட்டேன்.

பிள்ளை வளர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முன்பும் வளர்ந்தான், இது வேறு மாதிரி. முதல் பிறந்தநாளுக்கு எடுத்த சட்டை பிறந்தநாளன்று கழுத்தில் ஏறவில்லை. கடையில் போய் நாலு வயது அளவு வாங்கி வந்தேன். தவழ்கிற பிள்ளைதான், ஆனால் தாழ்வாரத்தில் அவன் தவழ்ந்து வந்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து வழிவிட்டது. பால் கொண்டுவரும் எந்திர வண்டி அவனைப் பார்த்து நின்று, "முன்னால் வாகனம் உள்ளது" என்று அறிவித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. பேருந்தில் ஏறினால் வாசல் கதவு, "தம்பி, பயணச்சீட்டு" என்று அவனை மறித்தது. கீழே கிரிக்கெட் ஆடும் பையன்கள் ஆள் குறைகிறது என்று கேட்டு வாங்கிப்போய் அவனை விக்கெட் கீப்பராக உட்காரவைத்தார்கள். அவன் பந்தைப் பிடித்தான். பிடித்து வாயில் போட்டுக்கொண்டான். அம்பயர் அவுட் என்று சொல்லிவிட்டு அப்புறம் குழம்பினார்.

சிரித்தோம். சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. ஒருமுறை ஊசி போடப் போன இடத்தில் ஒரு பெண், "இவ்ளோ பெரிய பையன், இன்னும் அம்மா இடுப்புல ஏறிக்கிட்டு. வெக்கமா இல்ல உனக்கு?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள். அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. முகத்தைப் பார்த்தான், உதடு பிதுங்கியது, அழுதான். அழுததற்கு இன்னும் நாலு பேர் திட்டினார்கள். அவனுக்கு ஒன்றே கால் வயதுதான் என்று எத்தனை பேரிடம் சொல்வது. உடம்பு போன வேகத்துக்கு அவன் போகமுடியாமல் பின்னால் எங்கேயோ தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். நிற்கக்கூட முயலவில்லை.  கோமதி இடுப்பொடிய அவனைத் தூக்கிக்கொண்டு, வழியில் கேட்டவர்களிடமெல்லாம், "ஒண்ணுமே சாப்பிட மாட்டக்கான்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்டவர்கள் முதல்முறையாகத் தலையாட்டவில்லை.

மணி இரவும் பகலும் சிவப்பாகவே இருந்தது. சிவப்பு நல்ல நிறம்தானே, கண் படாது என்று கோமதி நினைத்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றுக் கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன்.

சென்னையிலிருந்து சஹானா என்ற என்ஜினீயர் வந்தாள். தமிழ் பேசும் வீடுகளின் கயிறுகளெல்லாம் அவள் பொறுப்பில்தான். வாசலில் தவழ்ந்து வந்த பிள்ளையைப் பார்த்து, "தம்பி, அப்பா இருக்காரா?" என்று கேட்டாள். அவன் அவளுடைய செருப்பை எடுத்துக் கடித்தான். அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. உட்கார்ந்து, மணியின் நினைவிலிருந்ததைத் தன் கையகலப் பலகையில் இறக்கிக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"சார், இந்தப் பையன் பிறந்ததுலேர்ந்து பட்டினின்னு கயிறு நினைச்சிட்டிருக்கு."

"பட்டினியா? காலையில மட்டும் ஏழு இட்லி."

"அது கயிறுக்கும் தெரியும். ஆனா அம்மா அப்படிச் சொல்லலையே."

"அளந்து பாக்கத் தெரிஞ்சதுக்கு, பிள்ளை இந்த அளவு இருக்கான்னு தெரியாதா?" என்றேன்.

"தெரியும் சார். முதல்ல வந்த கயிறு அளவை மட்டும்தான் நம்பிச்சு. அளவு சரியா இருக்கும், ஆனா பிள்ளைக்கு உள்ளுக்குள்ள ஏதோ சரியிருக்காது. அம்மாங்க சொல்லிச் சொல்லிப் பார்த்தாங்க, யாரும் கேக்கல. சில பிள்ளைங்க போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் அளவு என்ன சொன்னாலும் அம்மா சொல்தான் முதல்னு மாத்தினோம். நல்ல எண்ணத்துலதான் பண்ணினோம்."

கோமதி சுவரோரமாக நின்றபடி கேட்டாள். "ஊர்ல எல்லாரும்தான் அப்படிச் சொல்லுதாவ. எங்க அக்கா சொல்லாததா?"

சஹானா கொஞ்சம் தயங்கினாள். "எல்லாரும் சொல்றாங்கதான்க்கா. இந்த மாவட்டத்துப் பிள்ளைங்க எல்லாருமே ஒரு விரல் உயரம் கூடத்தான் இருக்காங்க. ஆனா மத்தவங்க வெளியில அப்படிச் சொல்லிட்டு, கதவைச் சாத்தினதும் என் ராசா, என் தங்கம், என் சிங்கக்குட்டின்னு கொஞ்சிடுறாங்க. கணக்கு நேராயிடுது. இந்த வீட்டுல கதவைச் சாத்தின பிறகும்…" 

கோமதி உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றும் அங்கே இல்லை.

சஹானா என்னிடம் தணிந்த குரலில் மிச்சத்தைச் சொன்னாள். இப்படியே போனால் ஆறேழு வயதிலேயே எலும்பு முற்றி, முழு ஆளாக நின்றுவிடுவான். அந்த உடம்புக்கு ரத்தம் இறைக்க அந்தச் சின்ன இதயத்தால் முடியுமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அறுத்துப் போட்டுருவோம்" என்று எழுந்தேன்.

"ஐயோ, கூடாது சார். தானா சுரக்கிறதை அவன் உடம்பு மறந்துபோச்சு. திடீர்னு நிறுத்தினா தாங்கமாட்டான். கொஞ்சம் கொஞ்சமா குறையணும்."

"அப்போ நீங்க குறைங்க."

"வெளியிலேர்ந்து யாரும் கை வைக்க முடியாது. பிள்ளைங்க பாதுகாப்புக்காகப் போட்ட சட்டம். அம்மா வாயால, என் பிள்ளை நல்லா இருக்கான், நல்லா சாப்பிடுறான்னு சொல்லணும். சொல்லச் சொல்ல அதுவே இறங்கும்."

இவ்வளவுதானா என்று தோன்றியது. மணிக்கு நேராகக் குனிந்து, "எம் பிள்ளை நல்லா சாப்பிடுதான். ஜம்முனு இருக்கான்" என்று நானே சொன்னேன். மணி அசையவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன்.

"அப்பா சொல்றதை அது பெருசா எடுத்துக்காது சார். நிறைய அப்பாங்க பிள்ளையைத் திரும்பிக்கூடப் பாக்காம நல்லா இருக்கான்னு சொல்லிடுறாங்க. உலகம் பூரா அப்படித்தான்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னாள்.

கோமதியைக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். "ஒரு வாட்டி சொல்லுங்கக்கா" என்றாள் சஹானா. கோமதி பிள்ளையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். "எம் பிள்ளை…" என்றாள்.  "எம் பிள்ளை நல்…" என்று ஆரம்பித்து, எழுந்து ஓடி வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். மணி இன்னும் கொஞ்சம் சிவந்தது. அம்மாவுக்கு அவ்வளவு கவலை என்று அது புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னால ஆவாது" என்றாள். "ஒருதரம் சொன்னேன். போதும்."

எதைச் சொல்கிறாள் என்று சஹானாவுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். அவள் பலகையில் ஏதோ தேடிப் பார்த்தாள். பிறகு, "வேணும்னா ஒண்ணு பண்ணலாம்" என்றாள். "தமிழ் அம்மாங்க சாப்பிடலன்னு சொன்னா, சாப்பிட்டான்னு எடுத்துக்கன்னு கயிறுக்கு மாத்திச் சொல்லிக்கொடுக்கலாம். மேலிடத்துல அனுமதி வாங்கிடுவேன்."

எனக்கு உயிர் வந்தது. கோமதிதான் கேட்டாள்.

"அப்போ நெசமாவே சாப்பிடாத பிள்ளையப் பெத்தவ என்ன சொல்லுவா?"

 சஹானா பலகையை மூடி வைத்துவிட்டாள்.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கா?" என்று பேச்சை மாற்றினேன்.

"ஒரு பொண்ணு இருக்கா. அதை ஏன் சார் கேக்கறீங்க, ஒண்ணுமே சாப்…" அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

கிளம்புமுன் வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "முன்னாடி யாரோ ஒரு அம்மா அடிக்கடி வந்திருக்காங்க. குரல் கணீர்னு இருக்கு. வந்தப்பல்லாம் பையனைப் பாராட்டியிருக்காங்க. வெளியாள் நேர்ல பார்த்துச் சொல்றதைக் கயிறு கொஞ்சம் மதிக்கும். அவங்க வந்துபோன அன்னைக்கெல்லாம் மருந்து குறைஞ்சிருக்கு. அவங்க இல்லன்னா பையன் இந்நேரம் சார் உயரம் இருப்பான். அவங்களை வரச்சொல்லுங்க. வளர்ச்சி நிக்காது, ஆனா வேகம் குறையும்."

அவள் போனபிறகு கோமதி ரொம்ப நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவர் கண் பிள்ளையைத் தின்றுவிடும் என்று பயந்தாளோ அவர்தான் பிள்ளையைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் சில நேரம் புத்தி வேலை செய்யும்.

மறுநாள் கோமதி கீழே இறங்கிப் போனாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"டீச்சர், நீங்க தெனம் வந்து எம் பிள்ளைக்குக் கண்ணு வைக்கணும்" என்றாள் கோமதி.

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, சண்டைக்கா வந்திருக்க?"

நான் குறுக்கே புகுந்து கயிறு, மணி, மருந்து எல்லாவற்றையும் விளக்கினேன். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"நான் பிள்ளை பெறாதவ. அதான் என் கண்ணு பொல்லாததுன்னு நெனச்சியா?" என்று கோமதியைக் கேட்டார். அந்தக் குரலில் மைதானம் இல்லை.

"இல்ல டீச்சர். நெசத்தச் சொல்லுதியளேன்னுதான் பயந்தேன்" என்றாள் கோமதி. சொல்லிவிட்டு அழுதாள். "நீங்க சொன்னதெல்லாம் நெசம். அதான் பயம்."

 டீச்சர் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினார். குலுக்கப் பார்த்தார், முடியவில்லை. குண்டு எறிந்த கையே தாழ்ந்துவிட்டது. தரையில் உட்காரவைத்துவிட்டு எதிரே தானும் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"ஏல, என்னை ஞாபகம் இருக்கா? என்னல இப்படி மலைமாதிரி வளர்ந்திருக்க?"

அவன் அவரையே பார்த்தான். அதுவரை அவன் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஞா, பூ, த்தா என்பதோடு சரி. உடம்பு வளர்ந்த அவசரத்தில் பேச்சு எங்கோ பிந்திவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது.

"பேர் சொல்லு பாப்போம். ஒம் பேர் என்ன?" என்றார் டீச்சர்.

அவன் தடித்த கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தான். "நோஞ்சா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையின் முதல் சொல். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இந்தப் பெயரா. டீச்சரும் சிரித்தார்.

"ஏல, நீயா நோஞ்சான்? நீ ராசால்ல? எங்க, எந்திச்சு நில்லு பாப்போம்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

அவன் கையைப் பார்த்தான். தலையை ஆட்டினான். "ல்ல. நோஞ்சா" என்றான். நெஞ்சில் இன்னொரு தரம் தட்டிக் காட்டினான். எங்களுக்கெல்லாம் தெரியாத ஒன்றை எங்களுக்கு விளக்குவதுபோல, பொறுமையாகச் சொன்னான். நிற்பது, நடப்பதெல்லாம் வேறு பிள்ளைகளின் வேலை என்று அவன் எப்போதோ முடிவு செய்திருந்தான்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. கயிறுதான் நம்பிவிட்டது, கயிறுதான் நம்பிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். கயிற்றைக் கட்டியிருந்தவனுக்கும் காது இருந்தது.

கோமதி அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"இல்லல" என்றாள். "யாரு சொன்னா? நீ நோஞ்சான் இல்லல."

அவன் அவளையே சுட்டிக் காட்டினான். யார் சொன்னது என்று கேட்டதற்குப் பதில்.

"அம்மா பொய் சொன்னேன்ல" என்றாள். இந்தத் தடவை எழுந்து ஓடவில்லை. "அம்மா பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன். நீ நல்லா இருக்க. நல்லா சாப்பிடுத. காலையில ஏழு இட்லி தின்ன, நான் ஒளிச்சு வச்ச எட்டாவதையும் எடுத்துத் தின்ன, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எம் பிள்ளை மாதிரி இந்தத் தெருவுல எவளும் பெக்கல. நீ அழகன்ல. உங்க அக்காவும் அழகிதான்ல. அவளும் நல்லாத்தான் இருந்தா. நான் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல."

இதையெல்லாம் அவள் கயிற்றுக்குச் சொல்லவில்லை. கயிறு ஒன்று இருப்பதே அந்த நேரம் அவள் நினைவில் இல்லை. சட்டையை விலக்கிப் பார்த்தது நான்தான். மணி மஞ்சளாக இருந்தது.

பிள்ளை எழுந்து நிற்கவில்லை. அப்படி நின்றிருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். அவன் டீச்சரின் விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினான். கட்டடம் முழுக்கக் கேட்டது. அவன் நிற்கப் பழகியது அதற்குப் பிறகு பல நாள் கழித்து, டீச்சரின் மேற்பார்வையில், ஒரு விளையாட்டு வீரனுக்குரிய திட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து கோமதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் தும்மினால் ஓடினாள். தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். அவள் கை இரண்டொரு தரம் உப்பு டப்பாவுக்குப் போய்த் திரும்பியது.  நான் ஈரத்துண்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. மறுநாளும் அவன் எழுந்தான், இட்லி தின்றான். அதற்கு மறுநாளும் அப்படியே. ஒவ்வொரு நாளும் அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திருடுகிறவள்போல மெல்லிய குரலில், "ஏல, நீ நல்லா இருக்க" என்று சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்ப்பாள். வரவரக் குரல் கூடியது. நாங்கள் எதிர்பார்த்த மாதிரியே மருந்தும் குறைந்துகொண்டு வந்தது. வயது உடம்பை எட்டிப் பிடிக்கும்வரை சில வருஷம் அவன் இதே உயரத்தில்தான் நிற்பானாம். இதயம் தாங்கும், பயமில்லை என்று சஹானா போனில் சொன்னாள். அவள் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை தட்டைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. "நல்லா சாப்பிடுறா சார்" என்றாள், நான் கேட்காமலே.

மணி பச்சைக்கு வந்த அன்று சாயங்காலம் சங்கரவடிவு அக்கா போன் செய்தாள். தன் மல்யுத்த வீரன் இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டாள்.

"ஒம் பிள்ளை எப்படிட்டி இருக்கான்?"

கோமதி பிள்ளையைப் பார்த்தாள். அவன் சோற்றுக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் போனை இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கான்க்கா. நல்லா சாப்பிடுதான். நல்லா வளந்திருக்கான்."

 அந்தப் பக்கம் அக்காவின் குரல் உடைந்து வந்தது.

"ஏட்டி… என்னட்டி ஆச்சு? பிள்ளைக்கு என்ன? எங்கிட்ட மறைக்காத. ஒம் மாப்பிள்ளைட்ட போனக் குடு. நான் இப்பமே கிளம்பி வாரேன்."

"ஒண்ணும் ஆவலக்கா" என்றாள் கோமதி. "அதத்தான் சொல்லுதேன்."